செக்றோலும் நூற்பட்டியலும்: மலையக இலக்கியத்தை முன்வைத்துப் பல்கலைக்கழக நூலகம் பற்றி ஒரு விமர்சன நோக்கு

1

வளர்முக நாடுகளின் பல்கலைக்கழக நூலகங்கள் குறித்து ஆய்வுகள் பல வெளிவந்த வண்ணம் உள்ளன. மாணவரிடமும் ஆசிரியரிடமும் வினாக்கொத்தைக் கொடுத்து, நூலகம் திறந்திருக்கும் நேரம், இருக்கை வசதி, இரவல் வழங்கும் முறை, ஊழியரின் பண்பு, கணினி வசதி முதலியன பற்றி அவர்கள் கொண்டுள்ள கருத்தை எண்களாக மாற்றி, ஈற்றில் ‘திருப்தி’யின் அளவு இன்னது எனக் கூறுவதே இவ்வாய்வுகளிற் பலவற்றின் பொதுப்போக்காகும். இவற்றுக்கு ஆதாரமான முறை நூலகத்துறையிலே தோன்றியதன்று. 1980களில் அமெரிக்க வணிகவியல் ஆய்வாளர், வங்கி முதலான சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளரைக் கருத்திற் கொண்டு வகுத்த ‘சேர்வ்குவால்’ எனும் அளவுகோலே பின்னர் நூலகங்களுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. வாடிக்கையாளர் எதிர்பார்த்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு, இரண்டிற்கும் இடைப்பட்ட இடைவெளி எவ்வளவு என்பதே அதன் கணக்கு.

இக்கணக்கில் அடிப்படையான குறை ஒன்றுண்டு. எதிர்பார்ப்பு என்பதைத் தனிமனித உள்ளத்தில் தானே முகிழ்க்கும் ஒன்றாக அது கொள்கின்றது. ஆனால் எதிர்பார்ப்பும் சமூக உறவுகளின் விளைபொருளே. வீட்டிலே நூல்களையும் ஊரிலே வாசிகசாலையையும் பள்ளியிலே நூலகத்தையும் கண்டு வளர்ந்த மாணவன் பல்கலைக்கழக நூலகத்தில் எதிர்பார்ப்பது ஒன்று. இவற்றுள் எதனையும் காணாது வந்தவன் எதிர்பார்ப்பது வேறொன்று. பின்னவனுக்கு நூல்கள் நிறைந்த மண்டபமே பெருவியப்பாக இருக்கும். வினாக்கொத்தைக் கொடுத்தால் ‘மிக்க திருப்தி’ என்றே அவன் குறிப்பான். எவனுக்கு வாய்ப்புகள் மிகுதியாக மறுக்கப்பட்டனவோ அவனே மிகுதியாகத் திருப்தியுற்றவன் என்ற விநோதமான முடிபுக்கு இம்முறை நம்மை இட்டுச் செல்கின்றது. வர்க்க சமுதாயம் ஒன்றில் திருப்தியை அளத்தல் பல வேளைகளில் பறிகொடுத்தலை அளத்தலாகவே முடியும்.

எனவே வேறோர் அளவுகோல் வேண்டப்படுகிறது. நூலகத்துக்குள் வந்தவர் மனநிறைவு கொண்டனரா என்று கேட்பதோடு அமையாது, எம்மக்களின் உழைப்பு அந்நூலகம் எழுவதற்கு ஆதாரமாயிற்றோ, அம்மக்களின் எழுத்தையும் பேச்சையும் அது சேர்த்து வைத்துள்ளதா என்றும் கேட்டல் வேண்டும். இக்கேள்வியை மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது நூலகவியலாருக்கு மட்டும் உரிய விடயம் என்று எண்ணுதல் தவறு. இலக்கிய வரலாற்றாசிரியன் தன் முன்னுள்ள நூலடுக்கைக் கொண்டே வரலாற்றை எழுதுகின்றான். அடுக்கில் இல்லாதது அவனது வரலாற்றிலும் இல்லாது போகின்றது. ஆதலின் நூலகத்தின் சேகரிப்பு முறை பற்றிய ஆய்வு இலக்கிய விமர்சனத்தின் முன்வாயிலாகவே அமைகின்றது.

2

நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய பிரதேசங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவரின் எதிர்பார்ப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் நோக்குதல் பொருத்தமாகும்.

தோட்டத் தொழிலாளரின் வாழ்வில் எழுத்து புகுந்த வழி பள்ளிக்கூடத்தின் வழியன்று, கணக்கேட்டின் வழியாகும். தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்துத் துரை வழங்கிய ‘துண்டு’ இன்றி வேறொரு தோட்டத்தில் வேலை தேட இயலாதிருந்த நிலை 1921வரை நீடித்தது. அன்றாட வேலை செக்றோலிலே பதியப்பட்டது. தோட்ட வழக்கில் ‘பேர்’ என்ற சொல் ஒருநாட் சம்பளத்தையே குறிப்பதாயிற்று. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்கத் தவறியவருக்கு ‘அரைப்பேர்’. மனிதனின் பெயர் கூலியின் அலகாக மாறிய இச்சொல்லாட்சி, பெருந்தோட்டப் பொருளாதாரம் மொழியிலே பதித்த முத்திரை எனலாம். தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். தொழிலாளி தானே வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் ஏற்பட்ட வாய்ப்போ மிகச் சொற்பம்.

1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. பயிரிடுவதற்குக் கைகள் வேண்டியிருந்த ஒரு நிருவாகம் அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றியிருக்கும் என்பது ஊகித்தற்கரியதன்று. பெரும்பாலும் ஓராசிரியப் பள்ளிகள். அவையும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு வேண்டிய அரசிறையில் பெரும்பங்கைத் தேயிலை ஈட்டிக் கொடுத்தது. தேயிலையை விளைவித்தோரின் பிள்ளைகள் கற்ற தோட்டப் பள்ளிகளோ அத்திட்டத்தின் புறத்தே நின்றன. தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதை அடுத்து, 1977 தொடக்கமே அவை அரசாங்கத்தாற் படிப்படியாகப் பொறுப்பேற்கப்பட்டன. இதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியிருந்தது.

பொது நூலகத்தின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. இலங்கையில் பொது நூலகங்களையும் வாசிகசாலைகளையும் நடத்துவன உள்ளூராட்சி அமைப்புகளாகும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்குத் தடையாக இருந்து வந்தது. 2018இலேயே இச்சட்டம் திருத்தப்பட்டது. லயத்தில் வாழ்ந்தவர் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். அச்சபை அவரது தோட்டத்தில் ஒரு வாசிகசாலையை அமைப்பதற்குச் சட்டம் இடந்தரவில்லை. வடக்கிலே சிற்றூர்களிலும் வாசிகசாலைகள் எழுந்து ஒரு வாசகர் கூட்டத்தை உருவாக்கிய வரலாற்றோடு இதனை ஒப்பிடுமிடத்து, மலையகத்தில் வாசிப்பு வளராமைக்கு ‘ஆர்வமின்மை’யைக் காரணம் காட்டுவோரின் கூற்று எத்துணைப் போலியானது என்பது புலனாகும்.

மலைநாட்டில் நூலகமே இருக்கவில்லை என்றும் கூறுவதற்கில்லை. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், தோட்டங்களின் நடுவே, அமைந்துள்ளது. தேயிலைச் செடியின் மண், உரம், நோய், கொழுந்தின் இரசாயனம் ஆகியன பற்றிய நூல்களும் ஆய்விதழ்களும் அங்கே முறையாகச் சேர்க்கப்பட்டு வந்துள்ளன. அவ்வாய்வின் பயனை நாம் மறுக்கவில்லை. செடிக்கு நூலகம் அமைத்த அதே மலைச்சரிவில், அச்செடியிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் பிள்ளைக்கு நூலகம் அமையவில்லை என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. மூலதனம் தனக்கு வேண்டிய அறிவை எங்கும் சேர்த்துக்கொள்ளும். அறிவைச் சேர்க்க வசதி இல்லை என்ற கூற்று அதன் வாயில் ஒருபோதும் எழுந்ததில்லை.

3

இத்தகைய பின்னணியிலிருந்து வரும் மாணவன் பல்கலைக்கழக நூலகத்திற் காண்பது யாது?

முதலிற் காண்பது மொழியை. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலமொழிப் பல்கலைக்கழகமாகவே அமைந்தது. அதன் நூற்சேகரமும் அவ்வாறே உருவாகியது. 1960ஐ அடுத்துச் சுயமொழி மாணவர் பெருந்தொகையாகக் கலைப்பீடங்களுக்குள் வந்தனர். விரிவுரை தமிழிலும் சிங்களத்திலும் நிகழலாயிற்று. ஆயினும் நூலடுக்குகள் ஆங்கிலத்திலேயே நின்றன. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று குறித்தமை பலரும் அறிந்ததே. மொழியியலறிஞர் திரு கந்தையா 1984இல் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஆராய்ந்துள்ளார். வெட்டுபவன் கையிலும் வெட்டுப்படுபவன் உடலிலும் அவ்வாள் வெவ்வேறு பொருள் கொள்கின்றது. தோட்டப் பிள்ளைக்கு அவ்வாள் புதியதன்று. துரையின் பங்களாவிலும் தோட்டத்து ஒப்பீசிலும் அதனை முன்னரே கண்டவன் அவன்; நூலகத்தில் அதனை மீண்டும் சந்திக்கின்றான்.

இதனால் விளைவதோர் இரட்டை ஒழுங்கு. விதந்துரைக்கப்பட்ட நூல் ஆங்கிலத்தில் உள்ளது. அதன் படிகளோ சில. மாணவர் தொகை பெரிது. ஆகவே ஆசிரியர் தாம் வாசித்ததைச் சுருக்கிக் குறிப்பாக உரைக்கின்றார். அக்குறிப்பு நிழற்படியாகி வகுப்பெங்கும் பரவுகின்றது. மேல்வகுப்பு மாணவரின் குறிப்பு கீழ்வகுப்பாருக்குச் சொத்தாகின்றது. நூலகம் குறிப்புகளை மனனம் செய்வதற்குரிய அமைதியான மண்டபமாக மாறுகின்றது. நாற்காலிகள் நிறைந்திருக்கும், நூல்கள் அடுக்கைவிட்டு அசையா. இருக்கைகளை எண்ணும் ஆய்வு இதனை ‘மிகுந்த பயன்பாடு’ என்று பதிவு செய்யும்.

ஆசிரியரின் அனுபவமும் இதற்குப் புறம்பானதன்று. மலையக இலக்கியத்தில் ஆய்வேடு எழுத விரும்பும் மாணவனை நெறிப்படுத்தும் ஆசிரியர், அவனை நூலகத்துக்கு அனுப்புவதற்கு முன்னரே எழுத்தாளரின் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவராகின்றார். சஞ்சிகையின் பழைய இதழ், நின்றுபோன பதிப்பு, நாடகப் பிரதி முதலியன எழுத்தாளரின் அலுமாரியிலோ, அவரது மறைவின் பின் அவர்தம் குடும்பத்தாரின் பெட்டியிலோ தங்கியுள்ளன. நூலகத்தின் பணியை எழுத்தாளரின் வீட்டார் ஊதியமின்றிச் செய்து வருகின்றனர். நூலக ஊழியரைக் குறைகூறுதல் இங்கு நம் நோக்கமன்று. தமிழறிந்த பட்டியலாக்குநர் சிலரே. வரும் நூல்கள் பல. அச்சிலேறாதவற்றைத் தேடிச் செல்வதற்கு அவர்களுக்கு ஆணையுமில்லை, பயணப்படியுமில்லை. குறை அமைப்பிலே உள்ளது.

4

மொழியை அடுத்து நூற்பட்டியலை நோக்குவோம். பட்டியல் என்பது நடுநிலையானதொரு கருவி என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் எந்த வகைப்பாடும் ஓர் உலகப் பார்வையைத் தன்னுட் கொண்டதே. நமது நூலகங்கள் பலவற்றில் வழங்கும் டூயி தசாம்ச முறை 1876இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அம்முறையில் தேயிலைப் பயிர்ச்செய்கைக்குரிய எண் 633.72, தொழிலாளர் பிரச்சினைக்குரியது 331, நாட்டார் வழக்காற்றுக்குரியது 398, தமிழ் இலக்கியத்துக்குரியது 894.811. கொழுந்து பறிக்கும் பெண் பறிக்கும் இலை ஓரடுக்கிலும், அவள் பெறும் கூலி வேறோர் அடுக்கிலும், அவள் பாடும் பாடல் மற்றோர் அடுக்கிலும், அவளைப் பற்றிப் பிறர் எழுதிய நாவல் இன்னோர் அடுக்கிலும் இடம்பெறுகின்றன. அவளது வாழ்வில் இந்நான்கும் ஒன்றே. உழைப்பின் போது எழுந்த பாடலை உழைப்பிலிருந்து பிரித்து வைக்கும் இவ்வொழுங்கு, கலை வேறு வாழ்க்கை வேறு எனும் முதலாளித்துவ அழகியலின் கோட்பாட்டை ஓசையின்றிக் கற்பிக்கின்றது.

சி. வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திலே 1914இற் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்று, 1984இல் மறையும்வரை தொழிற்சங்கவாதியாகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்தவர் அவர். ‘இன் சிலோன்ஸ் ரீ கார்டன்’ எனும் அவரது கவிதை ஆங்கிலத்தில் எழுந்தமையால் ஆங்கிலக் கவிதை வரிசையைச் சேரும். அதனைத் தழுவிச் சக்தீ அ. பாலஐயா 1969இல் வெளியிட்ட ‘தேயிலைத் தோட்டத்திலே’ தமிழ்க் கவிதையாகும். ‘வீடற்றவன்’ தமிழ் நாவல். 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நாட்டார் வழக்காறு. தோட்ட மாந்தரைச் சித்திரித்த ‘போர்ன் ரு லேபர்’ (1970) தொழிலாளர் வரிசைக்கோ சமூகவியல் வரிசைக்கோ செல்லும். ஒரே மனிதனின் ஒரே கருத்தோட்டத்தில் எழுந்த ஆக்கங்கள் இவ்வாறு மண்டபத்தின் வெவ்வேறு மூலைகளிற் சிதறுகின்றன. தொழிற்சங்கப் போராட்டத்தைப் பயின்ற கையே பாடலையும் தொகுத்தது என்ற உண்மையே சி. வி.யை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல். அத்திறவுகோலைப் பட்டியல் நம்மிடமிருந்து மறைக்கின்றது. அவரைக் ‘கவிஞர்’ என்றும் ‘நாவலாசிரியர்’ என்றும் ‘தொகுப்பாளர்’ என்றும் தனித்தனியே மதிப்பிட்ட கட்டுரைகள் தோன்றியமைக்கு விமர்சகரின் பார்வைக் குறுக்கம் மட்டும் காரணமன்று. நூலடுக்கின் ஒழுங்கும் அதிற் பங்கு கொண்டுள்ளது.

பெயர் பற்றிய சிக்கலும் உண்டு. கோ. நடேசய்யர் ஓரிடத்தில் நடேசையர் ஆகவும், பிறிதோரிடத்தில் நடேச ஐயர் ஆகவும், உரோம எழுத்திலே அதனினும் பல வடிவங்களிலும் வழங்கப்படுகின்றார். ஒரு வடிவத்தின் கீழ்த் தேடுபவருக்கு மற்றை வடிவத்தின் கீழுள்ளவை கிட்டா. இவ்வடிவங்களை ஒன்றோடொன்று இணைக்கும் குறிப்புகளை எழுதுதல் செலவு மிகுந்த வேலையன்று. அவ்விணைப்பு வேண்டும் என்று எவரேனும் கருதியிருத்தல் வேண்டும், அவ்வளவே.

5

எவை சேர்க்கப்பட்டன, எவை சேர்க்கப்படவில்லை என்ற கேள்வி இவற்றினும் ஆழமானது. இலங்கையில் 1885ஆம் ஆண்டின் சட்டம், அச்சிடப்படும் நூல்களின் பிரதிகளை அரசுக்கு ஒப்படைக்குமாறு விதித்தது. அவ்வொப்படைப்பின் பயனைப் பின்னர் பேராதனை நூலகமும் பெறலாயிற்று. இச்சட்டம் இன்றேல் நாம் இழந்திருக்கக்கூடியவை மிகப் பல. ஆயினும் இச்சட்டம் அச்சையே நூலின் இலக்கணமாகக் கொண்டது. அச்சு யாரிடம் இருந்ததோ அவரது குரலே சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டது.

இதற்குத் தெளிவான சான்றொன்று மலையக இலக்கியத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் அச்சேறியது. கோப்பிப் பயிர்ச்செய்கை முறையைத் தொழிலாளருக்குப் போதிக்கும் நோக்குடைய அக்கும்மி, தொழிலாளரின் கலைவடிவத்தை எடுத்து உற்பத்திப் பெருக்கத்துக்குப் பயன்படுத்திய ஓர் ஆக்கமாகும். அதே காலத்திலே தோட்டங்களில் தொழிலாளர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சி. வி.யின் தொகுதி நூலாக வெளிவருவதற்கு அதன்பின் நூற்றாண்டுக்கு மேற் சென்றது. முதலாவது அச்சினாற் பிழைத்தது. இரண்டாவது நினைவினாற் பிழைத்தது. நினைவிலிருந்து நழுவியவை எத்துணை என்பதை எந்தப் பட்டியலும் கூறாது. ஆகவே ‘மலையக இலக்கியம் 1869இற் கும்மியோடு தொடங்குகின்றது’ என எழுதும் வரலாற்றாசிரியர், இலக்கியத்தின் தொடக்கத்தைக் கூறுவதாக எண்ணிச் சேகரிப்பின் தொடக்கத்தையே கூறுகின்றார்.

இருபதாம் நூற்றாண்டிலும் இந்நிலை முற்றாக மாறவில்லை. தோட்டம் தனியார் உடைமை. வெளியார் நுழைவது குற்றம். புடவை வியாபாரியின் வேடத்திலே தோட்டங்களுக்குட் சென்று நிலைமையை அறிந்த நடேசய்யர், 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். அவரது துணைவியார் மீனாட்சியம்மையார் பாடல்களை இயற்றிச் சிறுநூல்களாக அச்சிட்டுத் தொழிலாளரிடையே பாடிப் பரப்பினார். துண்டுப் பிரசுரம், சிறுநூல், பத்திரிகை ஆகிய இவை உடனடிப் பயன் கருதிக் கையிலிருந்து கைக்கு மாறிக் கிழிந்து மறைபவை. லயத்தின் கூரை ஒழுகும். எலியும் கறையானும் உண்டு. பெட்டியில் வைத்துக் காப்பதற்கு அறை ஒன்றே. தொழிலாளர் இலக்கியத்தின் இயல்பான வடிவங்களே நூலகத்தின் நோக்கில் ‘நூலல்லாதவை’ ஆயின.

இன்னொரு தடை தேச எல்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் சி. வி.யின் பாடற்றொகுதியும் சென்னையில் வெளிவந்தவை. இலங்கையின் ஒப்படைப்புச் சட்டம் அவற்றைத் தொடாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பகிர்ந்தன. மனிதர் பங்கிடப்பட்டபோது அவரது எழுத்தும் பங்கிடப்பட்டது. நீலகிரியில் குடியேறியவரின் நூல் இந்தியச் சட்டத்தின் கீழ்ச் சென்னைக் கன்னிமரா நூலகத்தைச் சேரும். ஹற்றனில் தங்கியவரின் நூல் கொழும்பையும் பேராதனையையும் சேரும். ஒரே லயத்திலே பிறந்த இருவரின் நூல்களை ஒரே மேசையில் வைத்து வாசிக்கும் வாய்ப்பு இரு கரைகளிலும் அரிதாகிவிட்டது.

இவ்விடைவெளியை நிரப்பியவர் யார்? நடேசய்யரைப் பற்றிய தேடலை மேற்கொண்டு 1988இல் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ எனும் நூலை வெளியிட்ட சாரல்நாடன் தேயிலைத் தொழிற்சாலையிற் பணியாற்றியவர். மலையகச் சிறுகதையின் வரலாற்றை 2000இல் நூலாக்கிய தெளிவத்தை ஜோசப், தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட படைப்பாளி. பாடல்களைத் தொகுத்த சி. வி. தொழிற்சங்கவாதி. பல்கலைக்கழகத்தார் முற்றாக வாளாவிருந்தனர் என்பது நியாயமாகாது, பேராதனையின் க. அருணாசலம் 1994இல் ‘மலையகத் தமிழ் இலக்கியம்’ எனும் நூலைத் தந்துள்ளார். ஆயினும் மூலங்களைத் தேடிக் காத்த சுமையில் பெரும்பகுதி ஆய்வு விடுமுறையோ மானியமோ இல்லாதோரின் தோள்களிலேயே தங்கியது. அவர்கள் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்துச் சேர்த்தவற்றைக் கொண்டே இன்று பட்டங்களுக்கான ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. தோட்டத்தில் நிலவும் உபரி உறிஞ்சலின் சாயலொன்று அறிவுத்துறையிலும் நிகழ்கின்றது என்று கூறின் அது மிகையாகாது.

6

இவ்விடத்தில் எழக்கூடிய மறுப்புகள் சிலவற்றை எதிர்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, வறிய நாட்டில் இதற்கெல்லாம் நிதி ஏது என்பது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே தாள் இன்மையால் பாடசாலைத் தேர்வுகளே ஒத்திவைக்கப்பட்ட நாட்டில் இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆனால் நிதி மட்டுமே காரணமாயின் வறுமை எல்லாச் சேகரங்களையும் ஒருபடித்தாகவே தாக்கியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1970களில் பேராதனை நூலகராக விளங்கிய இயன் குணதிலக்க, 1970 தொடக்கம் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை பற்றிய நூல்விவரப் பட்டியல் ஆசிய நாடொன்றில் எழுந்த அத்தகைய முயற்சிகளுள் தலைசிறந்தவற்றில் ஒன்று. 1971 ஏப்ரல் கிளர்ச்சியைப் பற்றி வெளிவந்தவற்றைத் தேடித் தொகுத்து விளக்கிய நூல்விவர ஆய்வும் அவருடையதே. சமகாலப் போராட்டமும் நூலகரின் கடமைக்கு உட்பட்டதே என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது. அதே வேளை, அவரது பெரும்பட்டியல் மேலைமொழிகளில் வெளிவந்தவற்றுக்கே உரியதாக வகுக்கப்பட்டமையால் துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகள் அதில் இடம்பெறும். மீனாட்சியம்மையாரின் பாடல்கள் இடம்பெறா. ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு அதற்கு நிகரான பட்டியல் முயற்சி, என். செல்வராஜாவின் ‘நூல்தேட்டம்’ 2002இல் வெளிவரத் தொடங்கிய பின்னரே உருப்பெற்றது. அதுவும் தனியொருவரின் உழைப்பே.

நைஜீரியாவின் அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஒனித்சா நகரச் சந்தையிலே 1940களின் பிற்பகுதியிலிருந்து மலிவுத் தாளில் அச்சாகி விற்பனையான சிறுநூல்களைக் கற்றோர் பலர் பொருட்படுத்தவில்லை. உள்நாட்டுப் போரில் அச்சந்தை அழிவுற்றது. ஆயினும் அதற்கு முன் சிலர் அச்சிறுநூல்களைச் சேர்த்து வைத்தமையால், இமானுவல் ஒபியேச்சினா 1973இல் அவற்றைப் பற்றிய ஆய்வு நூலை எழுத முடிந்தது. வெகுசன இலக்கியம் பற்றிய ஆபிரிக்க விமர்சனத்துக்கு அது வழிகாட்டியாயிற்று. சேகரிப்பு முந்தியது, விமர்சனம் அதன் பின்னரே எழுந்தது. அவற்றின் பெருந்தொகுதியொன்று இன்று அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது என்பது அதன் மறுபக்கம். நாம் சேர்க்காதவற்றைப் பிறர் சேர்ப்பர். பின்னர் நம் மாணவர் அவர் வாயிலில் நின்று அனுமதி கேட்பர்.

இரண்டாவது மறுப்பு, எண்ணிமத் தொழில்நுட்பம் இப்பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்பது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எனும் தன்னார்வ எண்ணிம முயற்சி ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பெருந்தொகையாகத் திறந்து வைத்துள்ளது. மலையகச் சஞ்சிகைகளும் நூல்களும் அதில் உள. இது போற்றத்தக்கது. எனினும் பல்கலைக்கழகம் தன் கடமையைத் தன்னார்வத் தொண்டர்மீது இறக்கி வைத்துவிட்டு அமைதி கொள்வதற்கு இது நியாயமாகாது. மேலும், 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்திலே இணைய இணைப்புத் தேடி மலைநாட்டு மாணவர் குன்றேற வேண்டியிருந்தமையை நாடே கண்டது. கருவி மாறினும் அதன் உடைமை உறவு மாறாதவிடத்துப் பழைய ஏற்றத்தாழ்வு புதிய வடிவிலே தொடரும்.

மூன்றாவது, நம்மவரிடையே கேட்கும் தீவிரவாதக் குரல்: இந்நூலகங்கள் குடியேற்றவாதத்தின் எச்சங்கள், இவற்றால் உழைக்கும் மக்களுக்குப் பயனில்லை என்பது. இதனையும் ஏற்பதற்கில்லை. பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையிலே அமர்ந்து, தொழிற்சாலைப் பரிசோதகர் அரசுக்கு எழுதிய அறிக்கைகளைக் கொண்டே மார்க்ஸ் ‘மூலதன’த்தின் வலிமைமிக்க பகுதிகளை ஆக்கினார். ஆளும் வர்க்கத்தின் பதிவேடும் சரியாக வாசிக்கப்படின் அவ்வர்க்கத்துக்கு எதிராகவே சாட்சி சொல்லும். தோட்டத் துரைமாரின் அறிக்கையும் செக்றோலும் நமக்கு வேண்டியவையே. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் தோட்டத்திலிருந்தே வரல் வேண்டும் என்பதே நமது வாதம்.

7

1981ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி விடியும் முன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அக்கொடுமையைத் தமிழுலகம் மறக்கவில்லை, மறத்தலும் ஆகாது. எரிந்த நூலகத்தில் இருந்தவை எவை என்பதை ஓரளவேனும் நாம் அறிவோம். அதனாலேயே அவ்விழப்புக்கு ஒரு பெயரும் ஒரு நாளும் உண்டு. மலையகத்தின் இழப்புக்கு நாளில்லை. ஒழுகிய கூரையின் கீழ் ஊறிப்போன சஞ்சிகைக்கும், மூதாட்டி ஒருத்தியோடு மண்ணுக்குச் சென்ற ஒப்பாரிக்கும் எவரும் நினைவுநாள் கொண்டாடுவதில்லை. நெருப்பினாலன்றிப் புறக்கணிப்பினாலும் நூலகங்கள் அழியும். பின்னதில் குற்றவாளியைச் சுட்டிக் காட்டுதல் கடினம் என்பதே வேறுபாடு.

சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலைச் சேர்ப்பிப்பதும் நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரைத் தேடிக் கொடுப்பதும் நூலகத்தின் கடன் என 1931இலேயே வரையறுத்தார். காலனி நாடொன்றில் அன்று எழுந்த அக்குரல் முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. நாம் அதனோடு ஒன்றைச் சேர்த்தல் வேண்டும்: நூலே ஆகாதிருந்தவற்றை நூலாக்கிக் காப்பதும் அதன் கடனே.

இதனை நடைமுறைப்படுத்துவதற்குப் பெரும் புரட்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழறிந்த பட்டியலாக்குநரை நியமித்தல். ஓராசிரியரின் சிதறிய ஆக்கங்களையும் பெயர் வடிவங்களையும் இணைக்கும் குறிப்பேடுகளை ஆக்குதல். துண்டுப் பிரசுரம், தொழிற்சங்க வெளியீடு, ஒலிப்பதிவு ஆகியவற்றைத் தனிச் சேகரமாகப் பேணுதல். சென்னையில் வெளிவந்த மலையக நூல்களைப் பரிமாற்ற முறையிற் பெறுதல். எழுத்தாளர் குடும்பங்களிடமுள்ளவற்றை அவரது உரிமைக்குப் பங்கமின்றிப் படியெடுத்து, ஒரு படியை ஹற்றனிலோ நுவரெலியாவிலோ மக்கள் எட்டக்கூடிய இடத்தில் வைத்தல் ஆகியன இன்றைய வரவுசெலவிலேயே தொடங்கக்கூடியவை. விடுமுறையில் தோட்டத்துக்குத் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கைப்பேசியிலேயே கொண்டு செல்கின்றனர். அவர்கள் பதிவு செய்து வருவதை ஏற்று, எண்ணிட்டு, பெயரிட்டு வைக்கும் ஒரு மேசையை நூலகம் அமைத்தாற் போதும். நூலகத்தைப் பயன்படுத்துவோராக வந்தவர் அப்போது அதனை ஆக்குவோராக மாறுவர். சேவை என்ற சொல்லும் அப்போதுதான் தன் வணிகப் பொருளைக் களையும்.

முதலாவது கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வருகைக்கு 1823ஐ ஆண்டாகக் கொண்டு, 2023இல் மலையக மக்கள் தமது இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தனர். அந்த இருநூறு ஆண்டுகளிற் பெரும்பகுதியில் அவரது பெயர்களை ஒழுங்காக எழுதி வைத்த ஏடு செக்றோல் ஒன்றே. கூலியை அளப்பதற்காக எழுதப்பட்ட அப்பெயர்களை, ஆக்கியோர் பெயர்களாக நூற்பட்டியலில் எழுதும் பணி பல்கலைக்கழகத்தின் முன்னுள்ளது. அப்பணி நிறைவேறாதவரை, எத்தனை வினாக்கொத்துகள் எத்துணைத் திருப்தியை அறிவித்தாலும், மலையக மக்களைப் பொறுத்தவரை நமது நூலகங்கள் அரைப்பேருக்கே உரியவை.